ஒரே ரேடியோ, நாலு மென்பொருள்: டயலைத் தொடுவது யார்?

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மொட்டை மாடி அறைக்கு வந்தார். ஹாம் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) உரிமம் புதிது, ரேடியோவும் புதிது. "அண்ணே, எஃப்டி8 நல்லா ஓடுது. ஆனா லாக் போடுற சாஃப்ட்வேரைத் திறந்தா போர்ட்டைத் திறக்க முடியலைன்னு வருது. அதை மூடிட்டு இதைத் திறந்தா இது ஓடுது, அது ஓடலை. ரேடியோவுல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். கோளாறு எதுவும் இல்லை. ஹாம் ரேடியோவைக் கணினியோடு சேர்க்கிற எல்லோரும் முதல் வாரத்திலேயே முட்டி நிற்கிற சுவர் இது. நானும் முட்டியிருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரேடியோவுக்கு எதற்கு இத்தனை மென்பொருள் என்று முதலில் தோன்றும். எஃப்டி8, அதாவது கணினி வழியாகச் சின்னச் செய்திகளைத் தொனிகளாக அனுப்பிப் பெறும் முறை, அதைச் செய்ய டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும் (இந்த முறை 2017-ல் வந்தது, நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் உருவாக்கியது, எஃப்டி என்பது அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்தான்). பேசியவர்களைப் பதிந்து வைக்க ஒரு லாக் மென்பொருள். செயற்கைக்கோள் பிடிக்க ஜிபிரடிக்ட். இவை எல்லாவற்றுக்கும் ரேடியோ இப்போது எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பது தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். முதல் வருடம் என் லாக் மென்பொருளை ரேடியோவோடு இணைக்கவே இல்லை, பேண்டை (20 மீட்டர், 40 மீட்டர் என்று பெயரிட்ட அதிர்வெண் பகுதியை) நானே கையால் தேர்ந்தெடுப்பேன். ஒருநாள் மாலை 20 மீட்டரில் ஐரோப்பியர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, பத்து மணிக்கு மேல் 40 மீட்டருக்கு மாறினேன், லாக்கில் மாற்ற மறந்துவிட்டேன். அன்று இரவு 40 மீட்டரில் செய்த தொடர்புகள் எல்லாம் 20 மீட்டர் என்று பதிவாகிவிட்டன. லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் (பேசிய இருவரின் பதிவையும் ஒப்பிட்டு உறுதி செய்யும் இணையச் சேவை) இரண்டு பக்கப் பதிவிலும் பேண்ட் ஒத்துப்போனால்தான் உறுதியாகும். ஒன்றுகூட உறுதியாகவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு நேரத்தை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ரேடியோ சொல்கிற அதிர்வெண்ணை லாக் நேராகக் கேட்டு எழுதியிருந்தால் இந்த வேலையே இல்லை.

சரி, கணினி ரேடியோவிடம் எப்படிக் கேட்கிறது? இதற்கு கேட் கன்ட்ரோல் என்று பெயர். யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் கணினிக்குள் ஒரு சீரியல் போர்ட் தோன்றும், அதன் வழியாகச் சின்னச் சின்ன எழுத்துச் செய்திகள் போய்வரும். என்னிடம் இருக்கும் யேசு (Yaesu) கம்பெனியின் எஃப்டி-991ஏ ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி "எஃப்ஏ" என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் அனுப்பினால் "அதிர்வெண் என்ன?" என்று அர்த்தம். ரேடியோ அதே இரண்டு எழுத்தைப் போட்டு, 014074000 என்று ஒன்பது இலக்கம் சேர்த்து, அரைப்புள்ளியோடு முடித்துத் திருப்பி அனுப்பும். அதாவது 14.074 மெகாஹெர்ட்ஸ். அதே செய்தியை எண்ணோடு சேர்த்துக் கணினி அனுப்பினால், "அங்கே போ" என்ற கட்டளை. கென்வுட் இதே மாதிரிதான், ஆனால் பதினொரு இலக்கம். ஐகாம் வேறு மாதிரி, எழுத்தாக இல்லாமல் பைட்டுகளாகப் பேசும்.

இதில் கவனிக்க வேண்டியது, ரேடியோவுக்குக் கேட்டது யார் என்று தெரியாது. பதிலில் "இது லாக் மென்பொருளுக்கு", "இது எஃப்டி8-க்கு" என்று எந்த விலாசமும் இருக்காது. ஒரு கம்பியில் ஒரே ஒருவர்தான் பேசுவார் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

வடசென்னையில் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு அடிபம்பு, எட்டுக் குடித்தனம், மெட்ரோ தண்ணீர் வருகிற நேரமோ கொஞ்சம். விண்டோஸ் செய்வது, முதலில் வந்தவர் பம்பு இருக்கும் முற்றத்துக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது மாதிரி. ஒரு மென்பொருள் போர்ட்டைத் திறந்துவிட்டால் அது மூடும்வரை வேறு யாருக்கும் கிடையாது, அதனால்தான் தம்பிக்கு "திறக்க முடியவில்லை" என்று வந்தது. லினக்ஸில் நிலைமை வேறு, என்னைக் கேட்டால் இன்னும் மோசம். அங்கே மென்பொருளே பூட்டுப் போடாவிட்டால் இரண்டு பேரும் ஒரே போர்ட்டைத் திறக்கலாம், எந்த எச்சரிக்கையும் வராது. ஒரே குழாய்க்கு அடியில் இரண்டு குடத்தை இடித்துப் பிடித்துவைத்தால் என்ன ஆகும்? பாதி இதில், பாதி அதில். வருகிற பைட்டுகளில் முதலில் படித்தவர் எடுத்துக்கொள்வார், மீதியைத்தான் அடுத்தவர் பார்ப்பார். ஒருவருக்கு 0140 வரும், இன்னொருவருக்கு 74000 வரும். சில நேரம் சரியாக இருக்கும், சில நேரம் பிழை காட்டும். எப்போது, ஏன் என்று கண்டுபிடிக்க முடியாது. கதவு பூட்டியிருந்தால் பிரச்சினை என்ன என்றாவது தெரிகிறது.

வேகமும் ஒரு சிக்கல். பழைய எஃப்டி-857 மாதிரி ரேடியோவை 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்) வேகத்தில் வைத்தால், ஒரு பைட்டுக்கு 11 பிட் போகும், நொடிக்குச் சுமார் 436 பைட்தான். அதிர்வெண் கேட்க 5 பைட், பதில் 5 பைட், கம்பியில் மட்டும் 23 மில்லிநொடி போய்விடும், ரேடியோ யோசிக்கிற நேரம் தனி. மூன்று மென்பொருள்கள் தனித்தனியாக, அதிர்வெண் என்ன, மோட் (எந்த வகை ஒலிபரப்பு) என்ன, அனுப்புகிறாயா கேட்கிறாயா என்று நொடிக்குப் பல முறை கேட்டால் அந்தக் கம்பி தாங்காது.

தீர்வும் அந்த முற்றத்திலேயே இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்து வீட்டில் ஒரு ஆயா இருந்தார், பம்பை அவர்தான் அடிப்பார், பெரிய டிரம்மில் நிரப்பிவைப்பார், எல்லோரும் டிரம்மிலிருந்து மொண்டுகொள்வார்கள். ரேடியோவுக்கும் அப்படி ஒரு ஆயா வேண்டும். ஒரே ஒரு மென்பொருள் சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும், ரேடியோவிடம் அது மட்டும் பேசும், கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். மற்ற எல்லா மென்பொருளும் ரேடியோவை மறந்துவிட்டு அதனிடம் கேட்கும். கட்டளை வந்தால் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். யாருடைய கேள்விக்கு எந்தப் பதில் என்பதும் அதற்குத் தெரியும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு இருக்கிறதே.

இந்த வேலையைச் செய்ய மூன்று பேர் பிரபலம். விண்டோஸில் ஆம்னிரிக். இதில் ரிக் 1, ரிக் 2 என்று இரண்டு ரேடியோ வைத்துக்கொள்ளலாம், லாக் மென்பொருள்கள் பலவும் இதோடு நேராகச் சேரும், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் சேரும். இரண்டாவது எஃப்எல்ரிக், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், தனக்கென்று ஒரு ஜன்னல் திறந்து அதிர்வெண்ணைப் பெரிய எண்ணில் காட்டும், மற்ற மென்பொருள்களுக்கு 12345 என்ற நெட்வொர்க் போர்ட்டில் (இது சீரியல் போர்ட் இல்லை, மென்பொருள்கள் தமக்குள் பேசும் கதவு எண்) பதில் சொல்லும். மூன்றாவது ஹேம்லிப் கூடவே வரும் ரிக்சிடிஎல்டி. இதற்கு ஜன்னலே கிடையாது, பின்னணியில் அமைதியாக ஓடும், 4532 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். ஹேம்லிப் 2000-த்தில் தொடங்கிய திறந்த மூலத் திட்டம், ஒவ்வொரு கம்பெனி ரேடியோவின் மொழியையும் கற்றுவைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாம்.

புதியவர்களுக்கு எதைச் சொல்வேன்? கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எஃப்எல்ரிக். விண்டோஸ் மட்டும்தான், உங்கள் லாக்கும் ஆம்னிரிக்கைத்தான் கேட்கிறது என்றால் ஆம்னிரிக். நான் பயன்படுத்துவது ரிக்சிடிஎல்டி, ஏனென்றால் அதோடு நாமே உட்கார்ந்து பேச முடியும். தம்பிக்கும் அதைத்தான் காட்டினேன், அவருக்கு விஷயம் பிடிபட்டதும் அந்த இடத்தில்தான்.

ரிக்சிடிஎல்டியைக் கட்டளை வரியில் தொடங்கும்போது மூன்று தகவல் கொடுக்க வேண்டும்: ரேடியோவின் மாடல் எண், சீரியல் போர்ட்டின் பெயர், வேகம். மாடல் எண்ணை ஹேம்லிப்பின் பட்டியலில் பார்க்கலாம், எஃப்டி-991-க்கு 1035, ஐகாம் ஐசி-7300-க்கு 3073. வேகம் ரேடியோவின் மெனுவில் இருப்பதும் இங்கே கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், இணைப்பு வராமல் போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். எஃப்டி-991ஏ-வில் ஒரு கேபிளுக்கு இரண்டு சீரியல் போர்ட் தோன்றும், அதில் "என்ஹான்ஸ்டு" என்று பெயர் உள்ளதுதான் கேட் கன்ட்ரோலுக்கு.

அது ஓடத் தொடங்கியதும் வேறு எந்த ஹாம் மென்பொருளையும் திறக்காதீர்கள். டெல்நெட்டில் (எழுத்தைத் தட்டி இன்னொரு மென்பொருளோடு பேச உதவும் கருவி) 127.0.0.1 விலாசத்தில், அதாவது இதே கணினியில், 4532-க்குப் போய், சிறிய எஃப் எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். 14074000 என்று பதில் வரும். ரேடியோவின் டயலைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி எஃப் அழுத்தினால் எண் மாறியிருக்கும். சிறிய எம் போட்டால் மோடும் பேண்ட்விட்த்தும் வரும். சிறிய எழுத்து என்றால் கேள்வி, பெரிய எழுத்து என்றால் கட்டளை. பெரிய எஃப் போட்டு இடைவெளி விட்டு 7074000 என்று கொடுத்தால் உங்கள் கண்ணெதிரே ரேடியோ 40 மீட்டருக்குத் தாவும், ரிலே "டக்" என்று அடிக்கும், திரையில் ஆர்பிஆர்டி 0 என்று வரும். பூஜ்யம் என்றால் நடந்துவிட்டது, கழித்தல் குறியோடு எண் வந்தால் பிழை. அப்புறம் இரண்டாவதாக இன்னொரு டெல்நெட் ஜன்னலைத் திறந்து அங்கேயும் எஃப் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் பதில் வரும், யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். தம்பி இதை நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டு, "அப்ப சாஃப்ட்வேர் எல்லாம் இதைத்தான் செய்யுதா?" என்றார். ஆமாம், இதைத்தான்.

இனி டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் அமைப்புகளில் ரேடியோ பகுதிக்குப் போய், ரிக் என்ற இடத்தில் உங்கள் ரேடியோவின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் "ஹேம்லிப் நெட் ரிக்சிடிஎல்" என்பதைத் தேர்ந்தெடுத்து, நெட்வொர்க் சர்வர் என்ற இடத்தில் 127.0.0.1:4532 என்று கொடுங்கள். லாக் மென்பொருளிலும் அதே. பலர் இங்கேதான் தவறுகிறார்கள், ஒரு மென்பொருளை சர்வரிடம் (அதாவது ரிக்சிடிஎல்டியிடம்) அனுப்பிவிட்டு இன்னொன்றைப் பழையபடி நேராக சீரியல் போர்ட்டிலேயே விட்டுவிடுவார்கள். ஆயா பம்பு அடிக்கும்போது வேறு யாரும் கைப்பிடியில் கை வைக்கக் கூடாது, ஒருவர்கூட. சர்வரை முதலில் தொடங்கி, பிறகுதான் மற்றவற்றைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்துவிட்டால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் பிழை காட்டும், மறுபடி முயற்சி செய்யச் சொன்னால் போதும், இணைப்பு சரியானதும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வட்டம் பச்சையாகும்.

இதுவரை சொன்னது கம்பியைப் பகிர்வது. உண்மையில் சிரமமானது இதற்கு அப்புறம்தான் வருகிறது, இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி கேட்பதைப் பத்துப் பேர் பகிரலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கட்டளை கொடுப்பதை அப்படிப் பகிர முடியாது. ரேடியோவில் டயல் ஒன்றுதான். ஒரு மென்பொருள் 14.074 என்கிறது, இன்னொன்று 145.800 என்கிறது, சர்வர் இரண்டையும் ஒழுங்காக வரிசையில் நிறுத்தி இரண்டையும் நிறைவேற்றும். அதன் வேலை அவ்வளவுதான், எது நியாயம் என்று அது பார்க்காது. ஒரு இரவு நான் ஜிபிரடிக்டில் செயற்கைக்கோளைத் தொடர்வதை நிறுத்தாமலே எஃப்டி8-க்கு மாறிவிட்டேன். ஜிபிரடிக்ட் செய்வது என்ன? செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் ஏறித் தெரியும், விலகும்போது இறங்கும், 145.800-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு இந்த டாப்ளர் மாற்றம் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும், அதற்கேற்ப டயலைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. டயல் மாறியதும் அந்தப் புதிய எண்ணிலேயே அது தன் வேலையை விடாமல் தொடர்ந்ததில் என் 14.074-ன் கடைசி இலக்கங்கள் தானாகவே மாறிக்கொண்டிருந்தன. ரேடியோவின் ஆசிலேட்டர் (அதிர்வெண்ணை உருவாக்கும் பகுதி) போய்விட்டது என்று பயந்து அரை மணி நேரம் மூடியைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

(செயற்கைக்கோள் பக்கம் வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. திருவொற்றியூர் கடற்கரையில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் புகைக்கோடு தெரியும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த காட்சி அது. ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்த ஹாம்சாட் 2005 மே 5-ல் பிஎஸ்எல்வி-சி6-ல் அங்கிருந்துதான் போனது, 2014 வரை உழைத்தது. அந்த மாதிரி லீனியர் டிரான்ஸ்பாண்டர் (ஒரு அதிர்வெண் பகுதியை அப்படியே வாங்கி வேறு பகுதியில் திருப்பி அனுப்பும் கருவி) உள்ள செயற்கைக்கோள்களுக்குக் கணினி டயலைத் திருத்திக் கொடுப்பது பெரிய உதவி.)

அதனால் நான் கடைப்பிடிக்கும் வழக்கம்: பார்க்கப் பல கண், தொட ஒரு கை. உட்காரும்போதே இன்று டயல் யாருடையது என்று முடிவு செய்துவிடுவேன். எஃப்டி8 என்றால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ்தான் நகர்த்தும், லாக் பார்க்க மட்டும் செய்யும். லாக் மென்பொருள்கள் பலவற்றில் பட்டியலில் தெரியும் ஒரு நிலையத்தின் மேல் கிளிக் செய்தால் ரேடியோவை அங்கே கொண்டுபோகும் வசதி உண்டு, அதை எஃப்டி8 நேரத்தில் அணைத்துவைப்பேன். செயற்கைக்கோள் என்றால் ஜிபிரடிக்ட் மட்டும், எஃப்டி8 ஜன்னல் மூடியே இருக்கும்.

ஒரே மென்பொருள்தான் நகர்த்துகிறது என்றாலும் பயமுறுத்தும் காட்சி ஒன்று உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ஸ்ப்ளிட் என்பதற்குக் கீழே "ஃபேக் இட்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. நீங்கள் 700 ஹெர்ட்ஸ் தொனியில் அனுப்பினால் அதன் மடங்குகளான 1400-ம் 2100-ம் கூடவே வெளியே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்யலாம். அதைத் தவிர்க்க, அனுப்பும்போது மட்டும் டயலை 14.073-க்கு இறக்கி, தொனியை 1700-க்கு ஏற்றிவிடும். வானில் போகும் அதிர்வெண் அதே 14.0747 தான், ஆனால் 1700-ன் மடங்கு 3400, ரேடியோவின் வடிகட்டி அதை நிறுத்திவிடும். அழகான யோசனை. லாக் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் புதியவருக்கோ பதினைந்து நொடிக்கு ஒருமுறை அதிர்வெண் 14.074, 14.073 என்று குதிப்பது தெரியும், ஏதோ சண்டை நடக்கிறது என்று தோன்றும். சண்டை இல்லை, விட்டுவிடுங்கள்.

எஃப்டி8-ல் இன்னொரு சுலப வழியும் இருக்கிறது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தனக்குத் தெரிந்த அதிர்வெண்ணையும் முடிந்த தொடர்பின் விவரத்தையும் யுடிபி 2237 போர்ட்டில் சொல்லிக்கொண்டே இருக்கும். லாக் அதைக் கேட்டுக்கொண்டாலே போதும், ரேடியோ பக்கம் வரவே வேண்டாம். உங்களுக்கு எஃப்டி8 மட்டும்தான் ஆசை என்றால் சர்வர் எல்லாம் தேவையே இல்லை. இரண்டு மூன்று மென்பொருள் அதைக் கேட்க வேண்டும் என்றால் மட்டும் விலாசத்தை மல்டிகாஸ்டாக (ஒரே நேரத்தில் பலர் கேட்கக்கூடிய விலாசமாக) மாற்ற வேண்டியிருக்கும்.

பிடிடி, அதாவது ரேடியோவை அனுப்பும் நிலைக்குக் கொண்டுபோவது, இதையும் கேட் வழியாக சர்வரிடமே விட்டுவிடுங்கள். சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பிகளை வைத்துச் செய்வது பழைய முறை, வேலை செய்யும், ஆனால் சில மென்பொருள்கள் போர்ட்டைத் திறந்த நொடியே அந்தக் கம்பிகளை உயர்த்திவிடும், ரேடியோ சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அனுப்ப ஆரம்பித்துவிடும். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தால் திரும்பி வரும்போது ரேடியோ கொதித்துக்கொண்டிருக்கும். புதிதாக எதை இணைத்தாலும் முதல் முறை மின்திறனைக் குறைந்த அளவில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரிக்சிடிஎல்டி வழக்கமாகக் கடவுச்சொல் கேட்பதில்லை, விலாசத்தைக் குறிப்பிட்டுக் கொடுக்காவிட்டால் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் பதில் சொல்லும். நம் பக்கம் ஒரு வைஃபையை மேல் வீடு கீழ் வீடு எல்லாம் பகிர்ந்துகொள்வது சகஜம். உங்கள் ரேடியோவை வேறு யாராவது அனுப்ப வைத்தாலும் உரிமத்தில் இருக்கும் பெயர் உங்களுடையதுதான். அதனால் தொடங்கும்போதே 127.0.0.1-ல் மட்டும் கேட்கும்படி கொடுத்துவிடுங்கள், ரௌட்டரில் 4532-ஐ வெளியே திறந்துவிடாதீர்கள்.

தம்பி வீட்டுக்குப் போய் எல்லாம் அமைத்துவிட்டு மறுநாள் அழைத்தார். கேட்கும்போது நன்றாக ஓடுகிறதாம், அனுப்பத் தொடங்கியதும் லாக், எஃப்டி8 இரண்டுமே ஒன்றாகத் துண்டித்துப் போகிறதாம். சர்வர் பிரச்சினையா என்று கேட்டார். மின்திறனை 50 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறக்கிப் பார்க்கச் சொன்னேன், துண்டிப்பு நின்றுவிட்டது. அப்படியென்றால் மென்பொருளில் தவறில்லை, ஆன்டெனாவின் அலை யுஎஸ்பி கேபிளுக்குள் புகுகிறது. கேபிளின் இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி, ஆன்டெனாவின் இணைப்புகளையும் கழற்றித் துடைக்கச் சொன்னேன், கடல் காற்றில் எங்கள் பக்கம் அந்த இணைப்புகள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி அதைச் செய்துவிட்டு, 50 வாட்டில் பச்சை வட்டம் நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினார்.